வாடகை வீட்டில் கவுன்சில் அதிகாரி எதைப் பார்க்கிறார்?

இங்கிலாந்தில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களிடம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம் பற்றிப் பேச்சை எடுத்தால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். "கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டால் போதும், வீட்டுக்காரர் மறுநாளே ஓடி வருவார்" என்பது ஒன்று. "அவங்களால ஒண்ணும் ஆகாது, கடைசியில நம்மளத்தான் வெளியே அனுப்புவாங்க" என்பது இன்னொன்று. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வெம்பிளியிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாவது பேச்சை நம்பித்தான், சுவர் முழுக்கப் பூஞ்சை படர்ந்த அறையில் ஒரு குளிர்காலத்தையே கழித்துவிடுகிறார்கள். இரண்டு பேச்சும் தவறு. கவுன்சில் உண்மையில் எதை அளக்கிறது என்பது தெரியாததால் வரும் தவறு. அது புரிந்துவிட்டால் யாருக்கு எப்படி எழுத வேண்டும், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் சட்டங்கள் வேறு.

முதலில், எந்தக் கவுன்சில்?

லண்டனில் என்றால் உங்கள் பரோ கவுன்சில்: நியூஹாம், பிரென்ட், ஹாரோ என்று உங்கள் பகுதி எதுவோ அது. லண்டனுக்கு வெளியே சில ஊர்களில் கவுன்டி கவுன்சில், டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் என்று இரண்டு அடுக்கு இருக்கும். வீட்டு விவகாரம் டிஸ்ட்ரிக்ட்டைச் சேர்ந்தது. அங்கே 'தனியார் வாடகை வீடுகள்' அல்லது 'சுற்றுச்சூழல் சுகாதாரம்' என்ற பெயரில் ஒரு பிரிவு இருக்கும். வீட்டைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி. அதாவது உணவகச் சமையலறையிலிருந்து வீட்டுக் கூரை வரை, மனிதரின் உடல்நலத்தைக் கெடுக்கக்கூடியவற்றைச் சோதிக்கப் பயிற்சி பெற்றவர்.

அவர் கையில் இருக்கும் முக்கியமான சட்டம் 2004-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம். வாடகை பாக்கி, முன்பணத் தகராறு, ஒப்பந்தத்தில் எழுதியது எழுதாதது, இவையெல்லாம் அவர் வேலையே அல்ல. முன்பணத்துக்கு அதற்கென்று உள்ள பாதுகாப்புத் திட்டங்கள் இருக்கின்றன, ஒப்பந்தச் சண்டைக்கு நீதிமன்றம் இருக்கிறது. இவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்த வீடு, இதில் வாழ்பவருக்குத் தீங்கு செய்யுமா?

கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு

ஒரு வீட்டுக் கொல்லையில் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் இருபது வருஷமாக இருக்கும் பெரியவர், "இத்தனை வருஷத்தில் ஒருத்தர் விழுந்ததில்லையே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் விடுமுறைக்குப் பேரப்பிள்ளை வருகிறது என்றால் யாராவது நிம்மதியாக இருப்போமா? இதுவரை யாரும் விழவில்லை என்பதை விட்டுவிட்டு, யார் விழக்கூடும், விழுந்தால் என்ன ஆகும் என்றுதானே யோசிப்போம்.

கவுன்சிலும் அப்படித்தான் யோசிக்கிறது. இந்த முறைக்கு எச்.எச்.எஸ்.ஆர்.எஸ். என்று பெயர், தமிழில் வீட்டு ஆபத்து மதிப்பீட்டு முறை எனலாம். 2006-இல் நடைமுறைக்கு வந்தபோது 29 வகை ஆபத்துகளைப் பட்டியலிட்டார்கள்: ஈரமும் பூஞ்சையும், கடுங்குளிர், கார்பன் மோனாக்சைடு, மாடிப்படியில் விழுதல், தீ, மின்சாரம், நெரிசல், வெளியாள் நுழைவது என்று போகும் அந்தப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. அடுத்த 12 மாதத்தில் இது யாரையாவது மருத்துவரிடம் போக வைக்கும் வாய்ப்பு எவ்வளவு? அப்படி நடந்தால் பாதிப்பு எவ்வளவு மோசமாக இருக்கும்?

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மதிப்பீடு செய்யும்போது இப்போது குடியிருப்பவரை வைத்து மதிப்பெண் போடுவதில்லை. அந்த ஆபத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடிய வயதினர் அங்கே இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். பூஞ்சைக்கு 14 வயதும் அதற்குக் கீழும். கடுங்குளிருக்கு 65-ம் அதற்கு மேலும். மாடிப்படிக்கு 60-ம் அதற்கு மேலும். அதனால் "நான் இளவயசுக்காரன், எனக்கு ஒண்ணும் ஆகாது, எதுக்குப் புகார்" என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. உங்கள் உடம்பு எத்தனை தாங்கும் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. இப்போது யார் இருக்கிறார்கள் என்பது பிறகு, என்ன நடவடிக்கை எடுப்பது என்று முடிவு செய்யும்போதுதான் கணக்கில் வரும்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

பாதிப்பை நான்காகப் பிரிக்கிறார்கள். மரணம் போன்ற உச்சப் பாதிப்புக்கு எடை 10,000. கடுமையானதற்கு 1,000. அடுத்த நிலைக்கு 300. தையல், கனமான இருமல் போன்ற மிதமானவற்றுக்கு 10. நடக்கும் வாய்ப்பையும், நடந்தால் ஒவ்வொரு வகைப் பாதிப்பும் நூற்றுக்கு எத்தனை என்பதையும் இந்த எடைகளோடு பெருக்கிக் கூட்டுகிறார்கள்.

நானே ஒரு எடுத்துக்காட்டு போடுகிறேன். செங்குத்தான, கைப்பிடிக் கம்பியில்லாத, விளக்கு எரியாத மாடிப்படி. ஒரு வருஷத்தில் விழ 20-இல் 1 வாய்ப்பு என்று வைப்போம். விழுந்தால் 100-இல் 1 உச்சப் பாதிப்பு, 5 கடுமை, 24 அடுத்த நிலை, 70 மிதம். 10,000-ஐ 1-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 500. கடுமைக்கு 250. அடுத்ததற்கு 360. மிதத்துக்கு 35. கூட்டினால் 1,145.

இனி அதே படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பி வைத்து, விளக்கும் போட்டுவிட்டார்கள். வாய்ப்பு 100-இல் 1 ஆகக் குறைந்தது என்றால் மொத்தம் 229-க்கு இறங்கிவிடும். செலவு சில நூறு பவுண்டுகூட ஆகாத வேலை, கணக்கில் இத்தனை வித்தியாசம்.

எல்லைக்கோடு 1,000. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் 'முதல் வகை ஆபத்து'. கீழே இருந்தால் 'இரண்டாம் வகை ஆபத்து'. முதல் வகை என்று வந்துவிட்டால் கவுன்சில் ஏதாவது ஒரு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், அது சட்டம் சுமத்தும் கடமை. இரண்டாம் வகைக்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பூஞ்சைக்கு நோட்டீஸ் போனது, என் வீட்டுப் பூஞ்சைக்கு ஏன் போகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பதில் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கிச் சொன்னால்: கவுன்சில் வீட்டின் அழகையோ வயதையோ பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஆபத்துக்கும் வாய்ப்பையும் பாதிப்பையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. 1,000-ஐத் தொட்டால் கடமை, தொடாவிட்டால் விருப்பம்.

அதிகாரி வீட்டுக்குள் வந்தால்

ஈஸ்ட் ஹாம் பக்கத்து வரிசை வீடு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். கீழே முன்னறை படுக்கையறையாக மாறியிருக்கும், மேலே மூன்று அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. அதிகாரி வாசலிலேயே மேலே பார்ப்பார், புகை அலாரம் இருக்கிறதா என்று. அழுத்தியும் பார்ப்பார், பாட்டரி கழற்றப்பட்ட அலாரங்கள் அத்தனை உண்டு. அப்புறம் அறைக் கதவின் பூட்டு. வெளியே பூட்ட சாவி இருக்கலாம், ஆனால் உள்ளிருந்து திறக்கவும் சாவி வேண்டும் என்றால் அதை அவர் குறித்துக்கொள்வார். ராத்திரி புகைக்கு நடுவே சாவியைத் தேட முடியாது. உள்ளே விரலால் திருகித் திறக்கும் குமிழ் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். கூடத்தில் சைக்கிளும் அட்டைப்பெட்டியும் அடைத்துக் கிடந்தால் அதுவும் தீ விபத்தில் தப்பும் வழி பற்றிய குறிப்பில் ஏறும். சமையலறையில் ஒரு பிளக்கில் எத்தனை சாமான் தொங்குகிறது, மின் பெட்டி எவ்வளவு பழசு, பாய்லர் எங்கே இருக்கிறது, ஜன்னல் திறக்கிறதா.

பூஞ்சைக்கு வரும்போது ஈரமானியைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். தரையிலிருந்து ஏறும் ஈரமா, கூரையிலோ குழாயிலோ கசிவா, குளிர்ந்த சுவரில் நீராவி படிந்ததா என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலையின் முக்கியப் பகுதி. "ஈரத்துணியை உள்ளே காயப்போட்டீங்க, ஜன்னலைத் திறக்கலை, சோறு சாம்பார்னு எந்நேரமும் கொதிக்க வைக்கிறீங்க" என்ற வசனத்தைக் கேட்காத வாடகைக் குடும்பம் குறைவு. ஹீட்டர் சரியாக வேலை செய்யாத, காற்றை வெளியேற்றும் விசிறியே இல்லாத வீட்டில் நீராவி எங்கே போகும்? சாதாரணமாகச் சமைத்து, குளித்து, துணி துவைத்து வாழும் வாழ்க்கையைத் தாங்கும் வீடா இது என்பதுதான் கேள்வி.

இந்த வசனம் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஆவாப் இஷாக் என்ற குழந்தையின் சாவு நாட்டுக்கே காட்டியது. ராச்டேலில் 2020 டிசம்பரில், பூஞ்சை படர்ந்த வீட்டில் இருந்ததால் வந்த சுவாசப் பாதிப்பில் இரண்டு வயதில் இறந்தான். குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று தாங்கள் முன்முடிவு செய்ததைப் பின்னர் அந்த வீட்டுவசதிச் சங்கமே ஒப்புக்கொண்டது. அது தனியார் வாடகை வீடு இல்லை, சமூக வீடு, அதாவது கவுன்சிலோ வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்குத் தரும் வீடு. அவன் பெயரால் வந்த 'ஆவாப் சட்டம்' 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்குத்தான் நடைமுறைக்கு வந்தது. தனியார் வீடுகளுக்கும் அதை விரிக்க 2025-ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி செய்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தனியார் வீட்டுக்காரரிடம் "ஆவாப் சட்டப்படி இத்தனை நாளில் சரிசெய்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. சோதனை பற்றிக் குடியிருப்பவருக்கு மட்டுமல்ல, உரிமையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

நோட்டீஸ்களில் என்ன வித்தியாசம்?

மென்மையானது 'ஆபத்து அறிவிப்பு நோட்டீஸ்'. இன்ன ஆபத்து இருக்கிறது என்று தெரியப்படுத்தும், அவ்வளவுதான். செய்யாவிட்டாலும் குற்றம் இல்லை. அதிகம் பயன்படுவது 'மேம்பாட்டு நோட்டீஸ்'. எந்த ஆபத்து, என்ன வேலை செய்ய வேண்டும், எப்போது தொடங்க வேண்டும், எப்போது முடிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். இங்கேதான் நம்மவர்கள் பொறுமை இழக்கிறார்கள்: நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 28 நாளுக்கு முன் வேலையைத் தொடங்கச் சொல்ல முடியாது. வீட்டுக்காரருக்கு 21 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு, செய்தால் நோட்டீஸ் அது முடியும்வரை நிற்கும். கவுன்சில் தூங்குகிறது என்று தோன்றும் பல வாரங்கள் உண்மையில் இந்தக் காத்திருப்புதான்.

'தடை உத்தரவு' என்பது வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ குடியிருக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது. ஜன்னலே இல்லாத நிலவறையில் ஆளைப் படுக்க வைத்திருந்தால் அந்த அறைக்கு மட்டும் இதைப் போடலாம்.

உடனடியாகக் கடும் தீங்கு வரக்கூடிய நிலை என்றால், உதாரணமாகக் கம்பி வெளியே தெரியும் மின்சார இணைப்பு, கவுன்சில் 28 நாளெல்லாம் பார்க்காது. தானே ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டு, செலவை வீட்டுக்காரரிடம் வசூலிக்கும். இதற்கு 'அவசரச் சீரமைப்பு' என்று பெயர்.

வீட்டுக்காரர் அசையவில்லை என்றால்

மேம்பாட்டு நோட்டீஸை மதிக்காதது குற்றம். கவுன்சில் வழக்குப் போடலாம், நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு உச்ச வரம்பு இல்லை. அல்லது நீதிமன்றம் போகாமல் தானே 'சிவில் அபராதம்' விதிக்கலாம். 2017-இல் இது வந்தபோது உச்சம் 30,000 பவுண்டு, 2025 சட்டம் அதை 40,000 ஆக்குகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீதிமன்ற அபராதம் கவுன்சிலுக்கு வராது. சிவில் அபராதப் பணத்தைக் கவுன்சிலே வைத்துக்கொண்டு, தனியார் வாடகை வீடுகள் மீதான நடவடிக்கைகளுக்கே செலவழிக்கலாம். அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுக்கக் கஷ்டப்படும் கவுன்சில் எந்த வழியை விரும்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அதில் தவறும் இல்லை. ஆனாலும் குற்றம் நடந்தது என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் கவுன்சில் காட்டியாக வேண்டும். உங்கள் போட்டோக்களும் தேதிகளும் அப்போதுதான் உதவும்.

மீண்டும் சுருக்கமாக: சோதனை, மதிப்பெண், நோட்டீஸ், காத்திருப்பு, வேலை. வேலை நடக்காவிட்டால் தண்டனை. இந்த வரிசையில் எந்த இடத்திலும் கவுன்சில் உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதில்லை.

லைசென்ஸ் என்பது தனிப் பாதை

மேலே சொன்னது யாராவது சொன்ன பிறகு நடப்பது. லைசென்ஸ் அதற்கு முன்பே வாங்க வேண்டியது, பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இங்கிலாந்தில் எல்லா வாடகை வீட்டுக்கும் லைசென்ஸ் தேவை என்பது தவறு.

ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாக ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, கழிப்பறையைப் பகிர்ந்து வாழும் வீட்டுக்குக் கட்டாயம் வேண்டும். இத்தகைய பகிர்வு வீட்டைத்தான் எச்.எம்.ஓ. என்கிறார்கள். கணவன் மனைவி ஒரு குடும்பம். அவர்களோடு மூன்று நண்பர்கள் இருந்தால் ஐந்து பேர், நான்கு குடும்பம், ஆகவே லைசென்ஸ் தேவை. முன்பு மூன்று மாடி இருந்தால்தான் என்று இருந்தது, 2018 அக்டோபரில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அதோடு அறையின் அளவும் சட்டமானது: பெரியவர் ஒருவர் தூங்கும் அறை குறைந்தது 6.51 சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 70 சதுர அடி. இருவருக்கு 10.22, அதாவது 110 சதுர அடி. கூரை 1.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் இடம் கணக்கில் சேராது. ஒரு டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடலாம்.

இது போக, தங்கள் பகுதியில் சிறிய பகிர்வு வீடுகளுக்கும், அல்லது எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்குமே லைசென்ஸ் வேண்டும் என்று கவுன்சில் அறிவிக்கலாம். நியூஹாம் 2013-இலேயே பரோ முழுக்க இதைக் கொண்டுவந்தது. உங்கள் தெரு இப்போது இதில் வருகிறதா என்று கவுன்சில் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்க வேண்டும், திட்டங்கள் முடிவதும் புதுப்பிக்கப்படுவதும் உண்டு.

லைசென்ஸ் வேண்டிய வீடு அது இல்லாமல் ஓடினால், அங்கே வாடகை கொடுத்தவர் தீர்ப்பாயத்தில் 'வாடகைத் திருப்ப உத்தரவு' கேட்கலாம். 12 மாத வாடகை வரை என்றிருந்ததை 2025 சட்டம் 24 மாதமாக உயர்த்துகிறது. இதற்குக் கவுன்சில் வழக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை, நீங்களே போகலாம்.

எந்த வீட்டுக்கும் இருக்க வேண்டியவை

கேஸ் சாதனங்களை வருஷத்துக்கு ஒருமுறை 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவர் சோதித்து, சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். மின்சார அமைப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது. புகை அலாரம் ஒவ்வொரு தளத்திலும். பாய்லர், விறகடுப்பு போன்ற நிலையான எரிசாதனம் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம். கேஸ் சமையல் அடுப்புக்கு மட்டும் விலக்கு. இவற்றுக்கு மதிப்பெண் கணக்கெல்லாம் கிடையாது, இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

புகார் செய்தால் வெளியேற்றிவிடுவார்களா?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் அனுப்ப முடிந்த '21-ஆம் பிரிவு' பல வருஷம் வாடகைக்காரர்களின் வாயைக் கட்டியே வைத்திருந்தது. 2015 சட்டம் கொஞ்சம் காப்பாற்றியது: கவுன்சில் மேம்பாட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்கு அந்த 21-ஐப் பயன்படுத்த முடியாது என்று இருந்தது. ஆனால் கவுன்சில் நோட்டீஸுக்கு முன்பே வந்துவிட்ட 21-ஐத் தடுக்க, அதற்கும் முன்னால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், பிறகு கவுன்சிலும் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அங்கே பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2026 மே 1 என்ற தேதியோடு தனியார் வாடகையில் 21-ஆம் பிரிவையே எடுத்துவிடுகிறது 2025 சட்டம். அதற்குப் பிறகு ஒருவரை வெளியேற்ற, சட்டம் ஏற்கும் காரணம் ஒன்று காட்ட வேண்டும்.

அந்தக் காரணங்களில் ஒன்று வாடகை பாக்கி. "சரிசெய்யும்வரை வாடகை தரமாட்டேன்" என்று நிறுத்தாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே வீட்டுக்காரர் கையில் நீங்களாக ஆயுதத்தைக் கொடுப்பது அது. பூட்டை மாற்றி, சாமானை வெளியே வைத்து, நீதிமன்றம் போகாமல் துரத்தினால் அது 1977 சட்டப்படி குற்றம், அதற்கும் கவுன்சிலைத்தான் கூப்பிட வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு: ஆபத்து மதிப்பீடு வீட்டுக்குச் செய்வது. பேப்பர் இருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லை.

புகாரை எப்படி எழுதுவது?

முதலில் வீட்டுக்காரருக்கு மெயிலிலோ மெசேஜிலோ எழுதி, சரிசெய்ய நியாயமான நாள் கொடுங்கள். போனில் சொன்னால் போதாது. பிறகு கவுன்சிலுக்கு.

"வீடு படுமோசம், வீட்டுக்காரர் மதிப்பதே இல்லை" என்று எழுதினால் மதிப்பெண் போட அதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "பின் படுக்கையறையில் வெளிச்சுவர் முழுக்கப் பூஞ்சை, நவம்பரிலிருந்து. அதே அறையில் நான்கு வயதுக் குழந்தை தூங்குகிறாள், இரண்டு முறை மருத்துவரிடம் போனோம். ஹீட்டர் வேலை செய்யவில்லை, அறை 15 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. வீட்டுக்காரருக்கு எழுதிய தேதிகள் இவை." ஆபத்து என்ன, எங்கே, எவ்வளவு நாளாக, யார் இருக்கிறார்கள், இதுவரை என்ன தீங்கு என்று அதிகாரி கேட்கப்போகும் எல்லாம் அதில் வந்துவிட்டது. மதிப்பீட்டு வழிகாட்டியிலேயே, 19 டிகிரிக்குக் கீழே சிறிய அளவிலும் 16-க்குக் கீழே கடுமையாகவும் உடல்நல ஆபத்து என்று இருக்கிறது. ஆகவே ஒரு மலிவான தெர்மாமீட்டரை அறையில் வைத்து, தேதி தெரியப் படம் எடுத்து வைப்பது வீண்போகாது.

கவுன்சில் பதிலே சொல்லவில்லையா? முதலில் கவுன்சிலின் சொந்தப் புகார் நடைமுறையை முடியுங்கள், அப்புறம் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அதோடு, 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வசிக்கத் தகுந்த வீடு பற்றிய சட்டத்தின்படி, கவுன்சிலுக்காகக் காத்திருக்காமல் வாடகைதாரர் நேரடியாகக் கவுன்டி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். பழுதை நீக்கும் உத்தரவும் நஷ்டஈடும் அங்கேதான் கிடைக்கும். கவுன்சில் அதிகாரியின் சோதனை அறிக்கை கையில் இருந்தால் அந்த வழக்கில் அது பலமான சான்று, அதனால் சோதனை முடிந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.